பட்டமா, பயிற்சியா? படுவான்கரைக்கு ஒரு பௌதிகவியல் ஆசிரியர்

இடைநிலைப் பாடசாலையில் பௌதிகவியல் கற்பிக்கப் போகிறவரை எப்படி ஆயத்தம் செய்வது? பாடத்தை ஆழப் படித்த பட்டதாரி ஒருவரைத் தேடிப்பிடித்து வகுப்பறைக்குள் அனுப்பினால் போதுமா? கற்பிக்கும் முறையை முதலில் பழக்கிவிட்டு, பாட அறிவை வகுப்புக்குத் தேவையான அளவில் ஊட்டுவது நல்லதா? 1903இல் கொழும்பில் அரசினர் ஆசிரியர் பயிற்சிக் கலாசாலை திறக்கப்பட்ட காலம் முதல் இலங்கை இந்தக் கேள்விக்கு மாறி மாறி விடை சொல்லி வந்திருக்கிறது. ஒவ்வொரு விடைக்கும் ஒரு நிறுவனம் எழுந்தது. பழையது முற்றாக மூடப்படும் முன்பே புதியது பக்கத்தில் வந்து நின்றது. நமது ஆசிரியர் கல்வி பெரும்பாலும் இப்படி அடுக்கின் மேல் அடுக்காகச் சேர்ந்ததுதான்.

கொழும்பில் இருந்து பார்த்தால் இது கல்வியியலாளரின் கோட்பாட்டுச் சர்ச்சை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், போரதீவுப்பற்றின் நிர்வாக மையமான வெல்லாவெளியில் இருந்து பார்த்தால் கேள்வியின் உருவம் மாறிவிடுகிறது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் பெருந்தெருவும் பழைய கல்லூரிகளும் தனியார் கல்வி நிலையங்களும் இருக்கின்றன. படுவான்கரையில் வயலும் குளமும் தள்ளித் தள்ளி அமைந்த ஊர்களும். பட்டிருப்புக் கல்வி வலயம் இரு கரைகளையும் உள்ளடக்கியது. களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் இருந்து பட்டிருப்புப் பாலத்தைக் கடந்துதான் ஆசிரியர் பலர் மேற்கே வருகிறார்கள். படுவான்கரையின் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்த ஆண்டுகளில் பாலத்தைக் கடப்பது தூரக் கணக்கு மட்டுமாக இருக்கவில்லை. ஆகவே எப்படிப்பட்ட ஆசிரியர் சிறந்தவர் என்று கேட்கும்போதே, பயிற்சி முடித்தவர் எந்தக் கரையில் தங்குவார் என்றும் இங்கே கேட்க வேண்டியிருக்கிறது. கல்வியியல் நூல்கள் முதற்கேள்விக்கு ஒதுக்கும் பக்கங்களில் பத்தில் ஒன்றைக்கூட இரண்டாவதற்கு ஒதுக்குவதில்லை.

யாரைப் பௌதிகவியல் ஆசிரியர் என்கிறோம்?

விவாதத்துக்குள் நுழையும் முன் ஒரு தெளிவு வேண்டும். இலங்கையில் தரம் 6 முதல் 11 வரை பௌதிகவியல் என்றொரு தனிப்பாடம் இல்லை. 1972இன் கல்விச் சீர்திருத்தம் கனிஷ்ட இடைநிலையில் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் உயிரியலையும் ஒன்றாகக் கட்டி ஒருங்கிணைந்த விஞ்ஞானம் ஆக்கியது. அந்தச் சீர்திருத்தத்தின் பல கூறுகள் 1977க்குப் பின் கைவிடப்பட்டாலும் இந்தக் கட்டு மட்டும் அவிழவில்லை. பெயர் மாறியது, பாடத்திட்டம் மாறியது. ஒரே பாடம், ஒரே ஆசிரியர் என்ற ஏற்பாடு நிலைத்துவிட்டது.

இதற்கு நல்ல நியாயம் இருந்தது. மூன்று விஞ்ஞான ஆசிரியர்களை வைத்திருக்கக் கூடிய பாடசாலைகள் நகரங்களில்தான் இருந்தன. ஒரே ஆசிரியர் போதும் என்றால் கிராமப் பிள்ளைக்கும் விஞ்ஞானம் கிடைக்கும். கிடைத்தது என்றே சொல்ல வேண்டும்; இதைப் பழிப்பவர்கள், அதற்கு முன் விஞ்ஞானமே இல்லாதிருந்த பாடசாலைகளை மறந்துவிடுகிறார்கள். ஆனால் இந்த ஏற்பாட்டின் விலையும் கிராமத்தின் தலையிலேயே விழுந்தது. விஞ்ஞான ஆசிரியராக வருபவர் உயர்தரத்தில் உயிரியற் பிரிவில் படித்தவராக இருந்தால், ஒளித்தெறிப்பும் ஓமின் விதியும் நியூட்டனின் விதிகளும் அவர் மனம் ஒன்றாத பகுதிகளாகிவிடக்கூடும். பெரிய பாடசாலையில் சக ஆசிரியர் ஒருவரைக் கேட்கலாம். சிறிய பாடசாலையில் கேட்க ஆளில்லை.

பௌதிகவியல் தனிப்பாடமாக முதன்முதலில் எதிர்ப்படுவது உயர்தரத்தில், தரம் 12இல். அளவீட்டில் தொடங்கிச் சடப்பொருளும் கதிர்ப்பும் வரை பதினொரு அலகுகள். பௌதிக விஞ்ஞானப் பிரிவில் இணைந்த கணிதத்தோடு படிப்பவரும், உயிரியல் விஞ்ஞானப் பிரிவில் கணிதத்தைச் சாதாரண தரத்தோடு விட்டுவந்தவரும் ஒரே வினாத்தாளுக்கே அமர்கிறார்கள். இரண்டு வகையினரையும் ஒருங்கே கொண்டுபோவது அனுபவசாலிக்கே கடினமான வேலை. அந்த வகுப்பை நடத்தும் அனுமதி, விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கு மட்டுமே உண்டு.

ஆக, பௌதிகவியல் ஆசிரியர் என்று இருவர் இருக்கிறார்கள். ஒருவர் பௌதிகவியலை மூன்றில் ஒரு பங்காகக் கற்பிப்பவர். மற்றவர் அதை முழுப்பாடமாகக் கற்பிப்பவர். பயிற்சி பற்றிய இலங்கை விவாதத்தின் பெரும்பகுதி இரண்டாமவரைப் பற்றியதாகவே இருக்கிறது. பௌதிகவியலில் ஒரு பிள்ளைக்கு விருப்பம் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பவரோ முதலாமவர்.

இவ்விருவரும் சேவைக்குள் வரும் வாசல்களும் வேறு. 1986இன் 30ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய கல்வியியற் கல்லூரிகள், உயர்தரம் சித்தியடைந்தவர்களைச் சேர்த்து இரண்டு ஆண்டுகள் கல்லூரியிலும் ஓராண்டு பாடசாலையில் கட்டுறு பயில்விலும் வைத்துத் தேசிய கற்பித்தல் டிப்ளோமா வழங்குகின்றன. மட்டக்களப்புக்குரிய கல்லூரி தாளங்குடாவில் இருக்கிறது. இந்த வாசலால் வரும் விஞ்ஞான ஆசிரியர் தரம் 6 முதல் 11 வரைக்கானவர். மற்ற வாசல் பல்கலைக்கழகம். விஞ்ஞானப் பட்டதாரி போட்டிப் பரீட்சை எழுதி மாகாணத்தின் ஆசிரிய சேவைக்குள் வருகிறார். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பெரும்பாலும் நியமனத்துக்குப் பிறகு, வார இறுதிகளில் படித்து முடிக்கிறார். பயிற்சி பெறாத ஆசிரியர்களுக்கென இருந்த பழைய ஆசிரியர் கலாசாலை மூன்றாவது வாசல், அது ஒடுங்கிவிட்டது.

பாடம் தெரிந்தவருக்குப் பயிற்சி எதற்கு?

இந்த நிலைப்பாடு மிஷன் கல்லூரிகளோடு வந்தது. மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல் கல்லூரி போன்றவற்றில் விஞ்ஞானம் கற்பித்தவருக்கு இலண்டன் பல்கலைக்கழகப் பட்டமோ அதற்கு ஈடான ஒன்றோ இருந்தால் போதும் என்ற எண்ணமே நிலவியது. பாடத்தில் தேர்ந்தவர் வகுப்பிலும் தேறுவார் என்பது எழுதப்படாத விதி. இன்றும் பல்கலைக்கழகப் பௌதிகவியற் துறைகளில் இந்த எண்ணம் வெளிப்படையாகவோ மறைவாகவோ வாழ்கிறது.

இதற்கு ஆதரவான சான்று இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் டேவிட் மாங்க் 1994இல் வெளியிட்ட ஆய்வு, ஆசிரியர் பல்கலைக்கழகத்தில் எடுத்த பாடநெறிகளுக்கும் மாணவர் முன்னேற்றத்துக்கும் நேர்த் தொடர்பு இருப்பதாகக் கண்டது. ஆனால் அதே ஆய்வு, ஒரு கட்டத்துக்கு மேல் கூடுதல் பாடநெறிகளால் கிடைக்கும் பயன் குறைந்துகொண்டே போவதையும், கற்பித்தல் முறை சார்ந்த பாடநெறிகளுக்கும் பயன் இருந்ததையும் சேர்த்தே சொன்னது. பட்டத்தின் பக்கம் நிற்பவர்கள் முதற் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம்.

இன்னும் கடுமையான அடி பௌதிகவியலுக்குள் இருந்தே விழுந்தது. 1992இல் டேவிட் ஹெஸ்டெனஸும் சகாக்களும் விசை பற்றிய அடிப்படைக் கருத்துகளைச் சோதிக்கும் பல்தேர்வு வினாக்கொத்து ஒன்றை வெளியிட்டார்கள். கணக்குகளைச் சரியாகச் செய்யும் பல்கலைக்கழக மாணவர்களிலும் பலர், இயங்கும் பொருளுக்கு அதன் இயக்கத் திசையில் ஒரு விசை இருந்தே தீர வேண்டும் என்று நம்புவதை அது காட்டிவிட்டது. ஹாவர்டில் எரிக் மஸூர் தம் மாணவரிடமும் இதையே கண்டார். சமன்பாட்டில் எண்ணைப் போட்டு விடை எடுக்கும் திறமையோடு பட்டம் பெற்றவர் அந்தத் தவறான நம்பிக்கையையும் கூடவே வகுப்புக்குக் கொண்டுவரக்கூடும். பத்தாம் தரப் பிள்ளை அதே ஐயத்தை எழுப்பும்போது அவரால் அதை ஐயமாகவே இனங்காண முடியாமற் போகலாம்.

நம் நாட்டில் இந்த நிலைப்பாட்டுக்குப் புதிய வலு தனியார் கல்வியிலிருந்து வருகிறது. கற்பித்தல் டிப்ளோமா எதுவுமில்லாத ஒருவர் மண்டபம் நிறைய மாணவரை வைத்துப் பௌதிகவியல் கற்பித்துப் பெயர் எடுக்கிறார். பயிற்சி பெற்றவரின் பாடசாலை வகுப்பில் ஆள் குறைகிறது. இதைப் பார்த்துப் பயிற்சியே வீண் என்போர் உண்டு. ஆனால் அந்த மண்டபத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே பௌதிகவியலைத் தேர்ந்தெடுத்தவர்கள், கட்டணமும் பேருந்துச் செலவும் கொடுக்கக் கூடிய வீட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு அங்கே பரிமாறப்படுவது பெரும்பாலும் கடந்தகால வினாத்தாள். எட்டாம் தரத்தில் விஞ்ஞானத்துக்குப் பயந்து நிற்கும் படுவான்கரை மண்டூர்ப் பிள்ளையை அந்தப் பக்கம் திருப்புவது முற்றிலும் வேறு வேலை.

கற்பிக்கத் தெரிய வேண்டும் என்ற வாதம்

எதிர்நிலைப்பாட்டின் வீடு ஆசிரியர் கலாசாலை. பாடத்தைப் படிப்பிக்கும் முன் பிள்ளையைப் படிக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. உளவியல், பாடத்திட்டமிடல், வகுப்பறை முகாமை, மேற்பார்வையோடு கூடிய கற்பித்தற் பயிற்சி ஆகியவை அதன் தூண்கள். கல்வியியற் கல்லூரிகள் இந்த மரபின் நேர் வாரிசுகள்.

மட்டக்களப்பு இந்தப் பாதைக்கு ஓர் அரிய உதாரணத்தைக் கொடுத்திருக்கிறது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர், பட்டம் பெற்ற பிறகு பயிற்சிக்குப் போனவர் அல்லர். 1911இல் கொழும்பு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் சேர்ந்து பயிற்றப்பட்ட ஆசிரியரானார். பிறகு தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் படித்து 1916இல் டிப்ளோமா பெற்றார். அதன் பின்னரே யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். இலண்டன் விஞ்ஞானப் பட்டம் 1920இல் வந்தது. கற்பித்தல் முதலில், பாடம் பிறகு, பட்டம் கடைசியில். அவர் எழுதிய யாழ் நூலில் நரம்புகளின் சுருதிக் கணக்கைக் கையாண்ட விதத்தில் அந்த விஞ்ஞானப் படிப்பின் சுவடு தெரிகிறது. ஒரு மேதையின் வாழ்க்கையைக் கொண்டு முறைமை ஒன்றை நிறுவிவிட முடியாது என்பது உண்மை. ஆயினும் பட்டம் முடித்த பிறகுதான் பயிற்சி என்ற இன்றைய வரிசை இயற்கை விதி அல்ல என்பதையாவது அது காட்டுகிறது. கற்பித்தலைப் பழகியவர் படிப்படியாகப் பாடத்தில் உயர வழி இருந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியும் அதிலிருந்து எழுகிறது.

அந்த வழி எளிதில் கிடைக்காததுதான் கல்வியியற் கல்லூரிப் பாதையின் பலவீனம். விஞ்ஞான நெறியில் மூன்று பாடங்களும் கல்வியியலும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்க வேண்டும். பௌதிகவியலுக்குக் கிடைக்கும் பங்கு சிறியது. டிப்ளோமா பெற்றவர் பின்னர் பட்டம் படிக்க விரும்பினால், பகுதிநேரமாக எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் கலை, கல்வி சார்ந்த பட்டங்கள். பௌதிகவியலில் மேலே போக ஆய்வுகூடம் வேண்டும். வெல்லாவெளியில் முழுநேரம் பணியாற்றும் ஒருவருக்கு அது எட்டாத தூரத்தில் இருக்கிறது. கல்வியியற் கல்லூரிகளைப் பட்டம் வழங்கும் நிறுவனங்களாக உயர்த்தும் யோசனை பலமுறை முன்வைக்கப்பட்டிருக்கிறது. பெயர்ப்பலகையோடு ஆய்வுகூடமும் விரிவுரையாளரின் பாட ஆழமும் மாறுமா என்பதில்தான் அதன் பெறுமதி தங்கியிருக்கிறது.

இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சி

பாட அறிவு ஒரு பெட்டி, கற்பித்தல் இன்னொரு பெட்டி என்ற பிரிப்பே தவறு என்று 1986இல் லீ சுல்மன் எழுதியதிலிருந்து விவாதத்தின் மொழி மாறியது. ஒரு பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே உரிய அறிவு ஒன்று உண்டு. அது பாட அறிஞரிடமும் இல்லை, பொதுக் கற்பித்தல் நிபுணரிடமும் இல்லை என்றார் அவர். மின்னோட்டம் மின்குமிழில் செலவாகிவிடுகிறது என்று பிள்ளை நினைக்கும் என்பதை முன்கூட்டியே அறிந்து, அதை உடைக்க எந்தச் சுற்றை முதலில் கட்டிக் காட்டுவது, எந்தக் கேள்வியைக் கேட்பது என்று தெரிந்திருப்பது அந்த அறிவு.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மக்டெர்மொட்டின் குழு இதைப் பௌதிகவியலில் செய்துகாட்டியது. பொறியியலாளருக்கும் ஆய்வாளருக்கும் நடத்தும் பௌதிகவியல் வகுப்பு ஆசிரியருக்குப் பொருந்தாது. ஆசிரியருக்கென்று தனிப் பௌதிகவியல் நெறி வேண்டும், அதைக் கல்விப் பீடமல்ல, பௌதிகவியற் துறையே நடத்த வேண்டும் என்பது அவர் வாதம். மனிதர் தாம் கற்பிக்கப்பட்ட விதத்திலேயே கற்பிப்பார்கள் என்பது அதன் அடியிலுள்ள அனுமானம். இந்தியாவில் இதற்கு முன்பே ஒரு முயற்சி நடந்தது. 1963இல் மைசூர், போபால், அஜ்மீர், புவனேஸ்வர் ஆகிய இடங்களில் தொடங்கிய பிராந்தியக் கல்வியியற் கல்லூரிகள் நான்காண்டு ஒருங்கிணைந்த விஞ்ஞானக் கல்விப் பட்டத்தை வழங்கின. அவை மாதிரியாகப் பாராட்டப்பட்டன, நாடெங்கும் பரவவில்லை. இலங்கையிலும் ஒருங்கிணைந்த பட்டம் பௌதிகவியல் ஆசிரியருக்கான பிரதான பாதையாக ஒருபோதும் இருந்ததில்லை.

ஏன் பரவுவதில்லை என்பதற்குப் பொருளாதாரக் காரணம் உண்டு. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஆசிரியராவேன் என்று முடிவெடுக்கும் பௌதிகவியல் மாணவர் எங்கும் சொற்பம். இங்கிலாந்தில் பௌதிகவியல் ஆசிரியப் பயிற்சிக்கான ஆள்சேர்ப்பு இலக்கு அண்மைக் காலத்தின் பெரும்பாலான ஆண்டுகளில் எட்டப்படவில்லை. உதவித்தொகை கொடுத்தும் நிலை பெரிதாக மாறவில்லை. பொறியியல் போன்ற துறைகளில் பட்டம் பெற்றவருக்குப் பௌதிகவியலை ஊட்டி ஆசிரியராக்கும் குறுகிய பாடநெறிகளை அங்கே நடத்துகிறார்கள். அமெரிக்காவில் பௌதிகவியற் சங்கங்கள் 2012இல் வெளியிட்ட பணிக்குழு அறிக்கை, மிகச் சில பல்கலைக்கழகத் துறைகளே ஆசிரியரை உருவாக்குவதைத் தம் பொறுப்பாக ஏற்றுள்ளன என்று குறைகூறியது.

நம் பக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளலாம். 1981இல் வந்தாறுமூலை மத்திய கல்லூரி வளாகத்தில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமானது. ஆரம்பத்தில் இருந்த பீடங்களே விஞ்ஞானமும் விவசாயமும்தான். ஒரு பாடசாலையின் இடத்தில் எழுந்த விஞ்ஞான பீடம் அதே மாவட்டப் பாடசாலைகளுக்கான பௌதிகவியல் ஆசிரியரை உருவாக்குவதைத் தன் மையப் பணிகளில் ஒன்றாக வைத்திருந்தால், மக்டெர்மொட் கேட்ட ஏற்பாடு இங்கேயே அமைந்திருக்கும். அதற்கு ஆட்களும் ஆய்வுகூடமும் இருந்தன. ஆனால் விஞ்ஞான பீடத்தின் வேலை பட்டதாரியை உருவாக்குவது, ஆசிரியரை உருவாக்குவது கல்வித் துறையின் வேலை என்ற பிரிப்பு நாட்டின் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உறைந்துபோன ஒன்று.

மொழி இதில் இன்னொரு சிக்கல். சுயபாஷைக் கல்வி 1960களில் உயர்தர விஞ்ஞானம் வரை வந்துவிட்டது. பல்கலைக்கழக விஞ்ஞானம் ஆங்கிலத்திலேயே நின்றது. தமிழில் பௌதிகவியல் படித்தவர் ஆங்கிலத்தில் பட்டம் பெற்று, மீண்டும் தமிழில் கற்பிக்கத் திரும்புகிறார். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் கற்ற புதியவை அனைத்தும் வகுப்பறை மொழிக்கு வெளியே கிடக்கின்றன. மின்புலத்தையோ அரைக்கடத்தியையோ தமிழில் விளக்கிப் பழகும் இடம் எந்தப் பாடநெறியிலும் போதிய அளவில் இல்லை. 2001இல் உயர்தர விஞ்ஞானத்துக்கு ஆங்கில மொழிமூலம் மீண்டும் திறக்கப்பட்டது. அதை நடத்தும் வசதி படுவான்கரைப் பாடசாலைகளுக்கு வந்து சேருவது எளிதல்ல.

பணியில் இருந்தபடியே கற்பது

நான்காவது மரபு, ஆசிரியர் உருவாவது கல்லூரியில் அல்ல, பாடசாலையில்தான் என்கிறது. இதன் வரலாற்றில் ஒரு சிறுநூல் படுவான்கரைக்கு நெருக்கமானது. இரண்டாம் உலகப்போரில் ஆய்வுகூடங்களை இழந்த நாடுகளின் விஞ்ஞான ஆசிரியர்களுக்காக ஜே. பி. ஸ்டீபன்சன் என்ற இலண்டன் ஆசிரியர் எழுதிய கையேட்டை யுனெஸ்கோ 1948இல் வெளியிட்டது. தகரப்பேணியும் கம்பியும் கண்ணாடித் துண்டும் கொண்டு கருவிகள் செய்யும் வழிகள் அதில் இருந்தன. அது விரிந்து 1956இல் விஞ்ஞானம் கற்பித்தலுக்கான யுனெஸ்கோ மூலநூல் ஆகியது. அழிந்த நாட்டுக்காக எழுதியது, ஆய்வுகூடமே இல்லாதிருந்த நாடுகளுக்கும் பொருந்தியது.

கையேடு மட்டும் ஆசிரியரை மாற்றாது என்பதை மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கற்பித்தல் திட்டம் புரிந்துகொண்டிருந்தது. 1972இல் பதினாறு கிராமப் பாடசாலைகளில் தொடங்கி, 1978இல் மாவட்டம் முழுவதற்கும் விரிந்தது. கிஷோர் பாரதி, ஃபிரண்ட்ஸ் ரூரல் சென்டர் ஆகிய அமைப்புகள் தொடங்கியதை 1982க்குப் பின் ஏகலவ்யா நடத்தியது. தில்லிப் பல்கலைக்கழக விரிவுரையாளர்களும் டாடா அடிப்படை ஆய்வு நிறுவன விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியரோடு அமர்ந்து பரிசோதனை செய்தார்கள். ஒவ்வொரு பாடசாலைக்கும் கருவிப்பெட்டி போனது. மாதந்தோறும் அண்டைப் பாடசாலை ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடினார்கள். பிள்ளைகள் புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதும் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் வந்தன. பயிற்சியையும் கருவியையும் பரீட்சையையும் ஒருசேர மாற்றியதே அதன் பலம். 2002இல் மாநில அரசு அதை நிறுத்தியபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடசாலைகளில் நடந்துகொண்டிருந்தது. பாராட்டப்பட்ட திட்டமும் அரசின் விருப்பம் மாறினால் ஒரே உத்தரவில் போய்விடும் என்பதை இந்த மரபின் ஆதரவாளர்கள் தம் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் இந்த வேலைக்கு வலயங்களில் ஆசிரிய ஆலோசகர்கள் இருக்கிறார்கள். தேசிய கல்வி நிறுவகம் கருத்தரங்குகள் நடத்துகிறது. ஆனால் பாடத்திட்டம் மாறும் ஆண்டில் புதிய வழிகாட்டியை விளக்கும் கூட்டமாகவே கருத்தரங்கு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அடுத்த மாதம் அதே ஆசிரியர் அதே பிரச்சினையோடு திரும்பி வந்து பேசும் ஏற்பாடு இல்லை.

அதைவிட ஆழமான தடை பரீட்சை. உயர்தரப் பௌதிகவியலில் தனியான செய்முறைப் பரீட்சை இல்லை. செய்முறை அறிவு இரண்டாம் வினாத்தாளின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் எழுத்தால் சோதிக்கப்படுகிறது. மீற்றர்ப் பாலத்தைத் தொடாமலே மீற்றர்ப் பாலம் பற்றிய வினாவுக்கு முழுப்புள்ளி எடுக்கலாம். பல மாணவர் எடுக்கிறார்கள். பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியின் தசமத்தில் தீர்மானமாகும் நாட்டில், செய்முறையில் நேரம் செலவிடும் ஆசிரியர் மாணவருக்கு அநியாயம் செய்கிறாரோ என்று பெற்றோர் நினைப்பதில் வியப்பில்லை. கல்வியியற் கல்லூரியும் பட்டப்பின் டிப்ளோமாவும் செயல்வழிக் கற்றலை எவ்வளவு வலியுறுத்தினாலும், பாடசாலைக்குள் நுழைந்த முதல் தவணையிலேயே பரீட்சை அந்தப் பாடத்தை மறக்கச் செய்துவிடும். இந்த முரணைத் தீர்க்காமல் பயிற்சியை மட்டும் திருத்துவது, என் மதிப்பீட்டில், அரைவேலை.

ஊரவரையே ஆசிரியராக்குவது

கடைசி நிலைப்பாடு பயிற்சியைவிட வேர்பற்றிப் பேசுகிறது. படுவான்கரையில் பிறந்தவரைத் தேர்ந்து பயிற்றினால் அவர் அங்கேயே தங்குவார். ஆகவே பயிற்சியின் தரத்தைவிடப் பயிலுநரின் ஊரே முக்கியம் என்பது வாதம். கஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கு நியமனம் பெறுபவர் நிர்ணயித்த காலம் முடிந்ததும் இடமாற்றம் கேட்பது சட்டப்படியான உரிமை. அதைக் குற்றமாகப் பார்ப்பது சரியல்ல. ஆனால் ஒரு பாடசாலையில் ஒரேயொரு உயர்தரப் பௌதிகவியல் ஆசிரியர்தான் இருப்பார் என்ற நிலையில், அவர் போகும் நாள் விஞ்ஞானப் பிரிவே ஆட்டங்காணும் நாள். மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு ஆளணி கணிக்கப்படுவதால் இரண்டாவது ஆசிரியருக்கு இடமும் கிடைக்காது. அனுபவம் சேர்ந்தவரும் புதியவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது அரிது. கைமாற்றிக் கொடுப்பதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை.

ஊரவர் வாதத்தின் பலவீனம் அதன் வட்டத்தில் இருக்கிறது. போரதீவுப்பற்றில் இருந்து பௌதிகவியல் ஆசிரியர் வர வேண்டுமானால், போரதீவுப்பற்றில் இருந்து பிள்ளைகள் உயர்தரத்தில் பௌதிகவியல் எடுத்துச் சித்தியடைய வேண்டும். அதற்கு நல்ல பௌதிகவியல் ஆசிரியர் வேண்டும். மட்டக்களப்பு மாவட்டம் பல்கலைக்கழக அனுமதியில் கல்வி வசதி குறைந்த மாவட்டமாகக் கணிக்கப்படுவதால் ஒரு சலுகை உண்டு. ஆயினும் மாவட்டம் என்ற அலகுக்குள் எழுவான்கரையும் படுவான்கரையும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. சலுகையைப் பயன்படுத்தும் வாய்ப்பு வசதி கூடிய கரைக்கே அதிகம். விஞ்ஞானப் பிரிவில் பட்டம் பெற்ற கிராமத்துப் பிள்ளைக்கும் ஆசிரியத் தொழிலைவிடக் கூடிய சம்பளம் தரும் வாய்ப்புகள் இருக்கின்றன. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வெளிநாடும் அந்த வாய்ப்புகளில் முன்னுக்கு வந்துவிட்டது.

அரசு காலத்துக்குக் காலம் பட்டதாரிகளைப் பெருந்தொகையாகச் சேவைக்குள் எடுத்தபோதும் இந்த வெற்றிடம் நிரம்பவில்லை. வேலையின்மையைத் தீர்க்க நடந்த சேர்ப்பில் பெரும்பாலோர் கலைப் பட்டதாரிகள்.

தீராதிருப்பவை

இந்த ஐந்து நிலைப்பாடுகளில் எதையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. பாட ஆழம் வேண்டும் என்பதற்கும், பாட ஆழம் மட்டும் போதாது என்பதற்கும் சான்று இருக்கிறது. தொடர்ச்சியான, பாடசாலையோடு கட்டப்பட்ட பயிற்சி பயன் தரும் என்பதற்கு ஹோஷங்காபாத் வலுவான அறிகுறி. அது உயர்தரம் போன்ற போட்டிப் பரீட்சைக்கு முகங்கொடுத்த திட்டமல்ல என்பதால் அப்படியே இங்கே பெயர்த்து நடலாம் என்று சொல்லிவிட முடியாது.

அளவுக்கு மீறிய கவனம் எங்கே விழுந்திருக்கிறது என்பதை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். பட்டதாரியா டிப்ளோமாதாரியா என்ற சர்ச்சை சேவை வகுப்பு, சம்பளப் படிநிலை ஆகியவற்றோடு பிணைந்திருப்பதால் சத்தமாக ஒலிக்கிறது. தரம் 6 முதல் 11 வரை விஞ்ஞானம் கற்பிக்கும், உயிரியற் பின்னணி கொண்ட ஆசிரியருக்குப் பௌதிகவியலை மட்டும் மையமாக வைத்த பயிற்சி எது என்ற கேள்வி சத்தமில்லாமல் கிடக்கிறது. உயர்தர ஆசிரியருக்கு ஒரு ரூபா செலவிடுவதைவிட இவருக்குச் செலவிடுவது படுவான்கரையில் கூடுதல் பயன் தரும் என்பது என் ஊகம். அதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பரீட்சைத் திணைக்களம் சாதாரண தர விஞ்ஞான வினாத்தாளுக்கு வினாவாரியான மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. அந்தத் தரவைப் பாடசாலை மட்டத்தில் எடுத்து, பௌதிகவியல் சார்ந்த வினாக்களின் அடைவை அங்கே கற்பித்தவரின் உயர்தரப் பிரிவோடும் பயிற்சி வாசலோடும் இணைத்துப் பார்த்தால் ஊகம் நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். பட்டிருப்பு வலயத்தின் இரு கரைகளுமே இதற்கு இயல்பான ஒப்பீட்டுக் களம்.

அப்படி நின்றால் அடுத்த கேள்விகள் நிர்வாகத்துக்குரியவை. மாதம் ஒருநாள் போரதீவுப்பற்று விஞ்ஞான ஆசிரியர்கள் ஓரிடத்தில் கூடுவதற்குப் பாடசாலை நேரத்தில் விடுவிப்பு கிடைக்குமா? அன்று அவர்களின் வகுப்புகளை யார் எடுப்பது? வந்தாறுமூலையின் பௌதிகவியற் துறை அதை நடத்தினால், அந்த மணித்தியாலங்கள் விரிவுரையாளரின் வேலைப்பளுவில் கணக்கிடப்படுமா? செலவு வலயத்தினதா, மாகாணத்தினதா, பல்கலைக்கழகத்தினதா? மூன்று கையொப்பங்கள் தேவைப்படும் இந்த இடத்துக்கு இன்றைய விதிகளில் பொறுப்பான ஒரு மேசை இல்லை.